அண்ணாந்த பார்வை

மாப்பிள்ளை மரப்பெட்டி மேலிருந்து விழுந்தது இது இரண்டாவது தடவை.

முதல் தடவை தனியாக விழுந்தான். இந்தத் தடவை துணைக்குப் பக்கத்தில் நின்ற விளக்குக் கம்பத்தையும் கட்டிப் பிடித்துக்கொண்டு விழுந்தான். டமால் என்று ஒரு சத்தம். அப்புறம் ஏதோ ஒன்று உருண்டு போய்ச் சுவரில் முட்டி நிற்கும் சத்தம்.

"ஐயையோ, அடி பட்டுச்சா?" என்று பதறி ஓடிய புவனேஸ்வரன், குனிந்து இரண்டு கையாலும் அள்ளித் தூக்கியது விளக்கை.

"அப்பா! மனுஷன் இந்தப் பக்கம் கிடக்கிறார்," என்றாள் லோகேஸ்வரி.

"தெரியுதும்மா. விளக்கு சூடா இருக்கும், மாப்பிள்ளை மேல பட்டுடக் கூடாதேன்னுதான் முதல்ல இதை..."

"போதும்பா."

ஜெயராஜ் தானாகவே எழுந்து கறுப்புக் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. கம்பம்தான் இரண்டாக முறிந்து கிடந்தது.

விஷயம் இதுதான். லோகேஸ்வரி அவள் அப்பாவைவிடவே உயரம். பள்ளியில் வலைப்பந்து ஆடி வளர்ந்தவள். இப்போது பத்து காவான் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். ஜெயராஜ் நிபோங் திபாலில் ஆசிரியர். தங்கமான பையன். ஆனால் அவளுடைய காது மடலோடு அவன் உயரம் முடிந்துவிடும். இரண்டு பேரும் முதலில் பார்த்துக்கொண்டது ஒரு பூப்பந்துக் கூடத்தில். அவள் அடித்த பந்து அவன் நெற்றியில் பட்டது. அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டான். அன்றிலிருந்து அவர்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை.

உயரம் அவர்களுக்கு ஒரு பிரச்சினையாகவே தோன்றியதில்லை. சம்பந்தி வீட்டுக்கும் தோன்றவில்லை. இந்தப் பினாங்குத் தீவிலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் அது பிரச்சினையாக இருந்தது. கெட்ட நேரம், அவர் கையில்தான் கேமரா இருந்தது.

ஜெலுத்தோங்கில் பசாருக்கு எதிர்வரிசையில், மோட்டார் பட்டறைக்குப் பக்கத்துக் கடைவீடு புவனேஸ்வரனுடையது. கீழே ஸ்டூடியோ, மேலே வீடு. கல்யாண ஜோடிகளைக் கறுப்பு வெள்ளையில் 'ஹாலிவுட் ஸ்டைலில்' எடுத்துத் தருவதில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. சின்ன வயதில் சனிக்கிழமை மத்தியானங்களில் டிவியில் வந்த பழைய ஆங்கிலப் படங்களை வாய் பிளந்து பார்த்தவர். கதை அவருக்கு முக்கால்வாசி புரியாது. ஆனால் ஆண் எங்கே நிற்கிறான், பெண் எங்கே நிற்கிறாள், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று மனப்பாடமாகச் சொல்வார்.

"ஆம்பளை முகத்துல வெளிச்சம் அடிக்கணும். பொம்பளை முகத்துல வெளிச்சம் வழியணும்," என்பது அவருடைய வேதம். பெண்ணைத் தனியாக எடுக்கும்போது லென்ஸின் மேல் மெல்லிய நைலான் துணி ஒன்றைக் கட்டிவிடுவார். முகம் பாலில் நனைத்த மாதிரி வரும். ஆணுக்குத் துணி கிடையாது. அவன் முகத்தில் இருக்கும் தழும்பு, கரடுமுரடு எல்லாம் கம்பீரக் கணக்கில் சேர்ந்துவிடும். ஜோடியாக எடுத்தால் ஆண் நிற்பான், பெண் ஒரு படி கீழே. ஆண் எங்கோ தூரத்தைப் பார்ப்பான். பெண் ஆணைப் பார்ப்பாள். அண்ணாந்து பார்ப்பாள்.

அந்த அண்ணாந்த பார்வைக்கு அத்தாட்சி கடையின் கண்ணாடி ஜன்னலிலேயே மாட்டியிருந்தது. முப்பது வருடத்துக்கு முந்திய, அவருடைய சொந்தக் கல்யாணப் படம். அதே கடைவீட்டு மரப்படியில் எடுத்தது. கேமராவில் டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய், படியில் ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தூரத்தைப் பார்த்து நின்றார் மாப்பிள்ளை புவனேஸ்வரன். அவருடைய தலைமுடியில் விழுந்த அந்தப் பளபளப்பு, பின்னால் ஏணியில் நின்று கூட்டாளி சுல்தான் பிடித்த விளக்கு. ஒரு படி கீழே வடிவம்மாள். கண் அகன்று, கண்ணோரம் லேசாக நீர் கோத்து, உதடு கொஞ்சமே திறந்து, ஒரு கை நெஞ்சில். உலகமே மறந்து மேலே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஜெலுத்தோங் வழியாகப் போகிற பஸ்ஸிலிருந்துகூட அந்தப் படம் தெரியும். "இதே மாதிரி எங்களுக்கும்" என்று கேட்டு வந்த ஜோடிகள் ஏராளம்.

"நான் ஒரு வார்த்தை சொல்லலைங்க," என்று ஒவ்வொரு ஜோடியிடமும் சொல்வார் புவனேஸ்வரன். "இப்படிப் பாருன்னு சொல்லலை. அவளே பார்த்தா."

வருகிற பெண்கள் வடிவம்மாளிடம் போய்க் கேட்பார்கள். "எப்படிக்கா இப்படிப் பார்த்தீங்க?"

"அது தானா வந்தது தங்கச்சி. வரவழைக்க முடியாது," என்பாள் வடிவம்மாள். சொல்லிவிட்டு உடனே தேத்தண்ணி கலக்க உள்ளே போய்விடுவாள். என்ன அடக்கம் என்று எல்லோரும் வியப்பார்கள்.

லோகேஸ்வரி மட்டும் வியந்தது கிடையாது.

"அப்பா, உங்க படத்துல இருக்கிற பொண்ணுங்க எல்லாரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரியே இருக்காங்க," என்று போன வாரமே ஆரம்பித்தாள். "அந்தப் பழைய படங்களும் அப்படித்தான். அவன் வாசல்ல வந்து நிப்பான், கேமரா கீழ இருந்து அவனைப் பார்க்கும். இவ சோபாவுல உக்காந்திருப்பா, கேமரா மேல இருந்து இவளைப் பார்க்கும். இவ ஒண்ணுமே தப்பா பேசியிருக்க மாட்டா. ஆனா பார்க்கிறவனுக்கு இவ பாவம்னு தோணிடும். நிக்க வெச்ச இடத்துலயே கதை முடிஞ்சுடுதுப்பா."

"அதுதாம்மா அழகு."

"எனக்கு அந்த அழகு வேணாம். நான் நிக்கிற உயரத்துல என்னை எடுங்க. முடியலன்னா வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குப் பூலாவ் திக்குஸ்ல ஒரு ஸ்டூடியோவுல சொல்லி வெச்சிருக்கேன். அங்க போறேன்."

புவனேஸ்வரனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கல்யாண மண்டப வாசலில் ஆளுயரப் படம் வைப்பார்கள். அந்தப் படத்தின் மூலையில் எடுத்தவர் பெயர் இருக்கும். ஜெலுத்தோங் முழுக்கக் கல்யாணப் படம் எடுத்தவரின் மகள் கல்யாணத்தில், மகளுடைய படத்துக்குக் கீழே வேறு யாருடைய பெயரோ! வருகிற விருந்தாளி ஒவ்வொருத்தரும் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் அவரைப் பார்ப்பார்கள். அதற்கு அவர் மண்டபத்துக்கே போகாமல் இருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இன்று. மணி இரண்டே முக்கால். மாப்பிள்ளை இரண்டு தடவை விழுந்தாயிற்று.

"பெரிய பெரிய ஹீரோக்களே பெட்டி மேல நின்னவங்கதான் மாப்பிள்ளை," என்று ஜெயராஜைத் தேற்றினார் புவனேஸ்வரன். "படத்துல யாருக்காவது தெரிஞ்சுதா?"

"அவங்க விழுந்தாங்களா அங்கிள்?" என்று கேட்டான் ஜெயராஜ்.

அந்த நேரம் பார்த்துச் சுல்தான் உள்ளே வந்தார். முழுப்பெயர் முகம்மது சுல்தான். புவனேஸ்வரனோடு ஒரே வகுப்பில் படித்து, அவர் கேமரா வாங்கிய நாளிலிருந்து விளக்குப் பிடிக்கிறவர். இந்த முப்பது வருடமாக வேலை என்றால் எப்போதும் பேண்ட், அதன் மேல் அகலமாக ஒரு பெல்ட். இந்த வெயிலிலும் அப்படித்தான். அதைத் தொழில் பக்தி என்று புவனேஸ்வரன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இன்றைக்கு ஜும்ஆ முடிந்து நேராக வந்ததால், முழங்கால் வரை தொங்கும் வெள்ளை ஜிப்பாவும் மடிப்புக் கலையாத புதுக் கைலியுமாக மணத்துக்கொண்டு வந்தார்.

"என்ன புவா, கம்பம் படுத்திருக்கு?"

"மாப்பிள்ளை கட்டிப் பிடிச்சார். தாங்கலை."

"நான் வீட்டுக்குப் போயி பேண்ட் மாத்திட்டு வந்துடறேன்லா."

"பேண்டா முக்கியம்? ரோட்டு ஜேம்ல மாட்டினா நீ நாலு மணிக்குத்தான் வருவே. விளக்கைக் கையில பிடி."

சுல்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பழைய இரும்பு விளக்கு அவர் கையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

புவனேஸ்வரன் அடுத்த யோசனைக்குப் போனார். மாப்பிள்ளையை ஏற்ற முடியாவிட்டால் பெண்ணை இறக்கலாம் அல்லவா?

"லோகாம்மா, செருப்பைக் கழட்டிடு. புடவைக்குள்ள முழங்காலை லேசா மடக்கு. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். வெளியில தெரியாது."

"தெரியாதுதான்பா. ஆனா எனக்குத் தெரியுதே! தொடை நடுங்குது."

"சிரி."

"தாங்கலப்பா, தாஹான் பண்ண முடியல!"

அவர் பொத்தானை அழுத்திய நொடியில் அவளுடைய கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. படத்தில் மணமகள் பல்லைக் கடித்துக்கொண்டு மணமகனின் தோளை நசுக்கிக்கொண்டிருந்தாள். மணமகன் கண்ணில் உயிர்ப் பயம். ஏதோ கடத்தல் வழக்கு மாதிரி இருந்தது.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த வடிவம்மாள் மகளின் காலை நீவிவிட்டபடி சொன்னாள். "ஏங்க, பொண்ணு நிக்கிற மாதிரி நிக்கட்டுமே. அழகாத்தானே இருக்கா."

"உனக்குத் தெரியாது வடிவு. பார்க்கிற கண்ணு முதல்ல உயரத்தைத்தான் பார்க்கும். நாற்காலியை எடுத்துட்டு வா."

நாற்காலி வந்தது. லோகேஸ்வரி உட்கார்ந்தாள். ஜெயராஜ் பக்கத்தில் நின்று, அவர் சொன்னபடி லேசாகக் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். சுல்தான் விளக்கைத் தரையோடு பிடித்தார். விளைவாக ஜெயராஜின் நிழல் சுவரில் பூதம்போல எழுந்து, மணமகளின் முகத்தை முழுக்க விழுங்கிவிட்டது. விளக்கை மேலே தூக்கினால் அவன் தலையிலேயே இடித்தது. கடைசியில் ஒரு படம் விழுந்தது.

ஐந்து பேரும் கேமராத் திரையைப் பார்த்தார்கள்.

"எந்தப் பல்லு வலிக்குதுன்னு கேக்கறாரா?" என்றார் சுல்தான்.

வடிவம்மாள் சிரித்துவிட்டாள். லோகேஸ்வரியும் சிரித்திருப்பாள். ஆனால் ஜெயராஜின் முகம் அவள் கண்ணில் பட்டது. அவன் சிரிக்கவில்லை. படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள்," என்றான் மெதுவாக. "நான் அவ்வளவு குட்டையா?"

பக்கத்துப் பட்டறையில் யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்கிப் பார்ப்பது மட்டும் கேட்டது.

"சேச்சே, அப்படி இல்ல மாப்பிள்ளை, இது கேமரா விஷயம்..."

"இல்ல அங்கிள். இத்தனை நாளா நான் அதை நினைச்சதே இல்ல. இன்னைக்குக் காலையில இருந்து எல்லாரும் என்னை எது மேலயாவது ஏத்திக்கிட்டே இருக்கீங்க." அவன் லோகேஸ்வரியின் பக்கம் திரும்பினான். "உனக்கு நிஜமாவே கூச்சமா இல்லையா லோகா? மண்டபத்துல எல்லாரும் பார்ப்பாங்களே."

லோகேஸ்வரிக்குக் கோபம் வந்தது. கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை. கன்னம் சிவந்து, கண் கலங்குகிற கோபம்.

"பார்த்தீங்களாப்பா? நல்லா இருந்த மனுஷன் மண்டையில புழுவைப் பிடிச்சுப் போட்டுட்டீங்க. ரெண்டு வருஷமா என்கூட சுத்தறார், ஒரு நாள் இந்தக் கேள்வி கேட்டதில்ல. உங்க ஸ்டூடியோவுல அரை நாள் இருந்தார், கேட்டுட்டார்!"

"அம்மா லோகா..."

"ஜெய், இங்க பாரு. உன் உச்சந்தலையில ஒரு சுழி இருக்கு, தெரியுமா உனக்கு? தெரியாது. உன் அம்மாவுக்குக்கூட மறந்திருக்கும். எனக்குத் தினமும் தெரியும். நான் மட்டும்தான் பார்ப்பேன். அது எனக்குப் பிடிக்கும். உன்னை யாராவது ஏத்தி வெச்சா எனக்கு அது தெரியாமப் போயிடும். போதுமா?"

ஜெயராஜின் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. அப்புறம் அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. பூப்பந்து நெற்றியில் பட்ட அன்று வந்த அதே சிரிப்பு.

"அப்ப சரி," என்றான்.

லோகேஸ்வரி கைப்பையை எடுத்தாள். "கிளம்பலாம். இப்ப காடியை எடுத்தா நாலரைக்குப் பூலாவ் திக்குஸ் போயிடலாம்."

புவனேஸ்வரன் முக்காலியில் உட்கார்ந்து லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த லென்ஸையே திரும்பத் திரும்பத் துடைத்தார். வாய் ஓயாத மனிதர் வாயை மூடிக்கொண்டால் பார்ப்பதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். வடிவம்மாள் மகளைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். லோகேஸ்வரி வாசல் வரை போனவள் நின்றாள்.

"சரி. ஒண்ணே ஒண்ணு," என்றாள். "உங்க இஷ்டப்படி. அந்தப் படியிலேயே. அம்மா நின்ன இடத்துல நான் நிக்கிறேன். ஆனா இது உங்க ஆல்பத்துக்கு மட்டும். மண்டபத்து வாசலுக்கு அந்த ஸ்டூடியோ படம்தான்."

புவனேஸ்வரன் முக்காலியை விட்டு எழுந்த வேகத்தில் அது பின்னால் கவிழ்ந்தது.

அடுத்த சில நிமிடங்களுக்கு அவருக்கு முப்பது வயது குறைந்துவிட்டது. ஜெயராஜை மரப்படியில் நிறுத்தினார். "தூரத்துல பாருங்க மாப்பிள்ளை. பினாங்குப் பாலம் தெரியற மாதிரி பாருங்க." லோகேஸ்வரியை இரண்டு படி கீழே நிறுத்தினார், ஒரு படி இவளுக்குப் போதாது. வடிவம்மாள் கையில் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளை அட்டையைக் கொடுத்துத் தனக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார்.

"இப்ப மாப்பிள்ளைக்குப் பின்னால, மேல இருந்து ஒரு வெளிச்சம் தலைமுடியில விழணும். அப்பத்தான் ஆள் சுவர்ல ஒட்டாம எழுந்து நிப்பார். சுல்தான், ஏணி!"

"ஏணி வேணாம் புவா," என்றார் சுல்தான். "கீழ இருந்தே பிடிக்கிறேன்."

"கீழ இருந்து பிடிச்சா மறுபடியும் பூதம் வரும்."

"இன்னைக்கு எனக்கு உடம்பு சரியில்லப்பா."

"ஏங்க, அண்ணனை விட்டுடுங்களேன்," என்றாள் வடிவம்மாளும் அவசரமாக. "வயசாச்சு, கால் வலிக்கும்."

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி இதே படியில, இதே ஏணியில நின்னவன்! இவனுக்கா கால் வலி? ஏறு சுல்தான். என் மகளுக்காக ஏறு."

மகளுக்காக என்று சொன்ன பிறகு சுல்தான் என்ன செய்வார்? படி திரும்புகிற இடத்தில் ஏணியை விரித்துப் போட்டு, ஒரு கையால் விளக்கையும் ஒரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, ஜெயராஜின் முதுகுக்குப் பின்னால் மேலே ஏறினார்.

புவனேஸ்வரன் கேமராவில் கண்ணை வைத்தார். சட்டத்துக்குள் ஜெயராஜும் லோகேஸ்வரியும் மட்டும்.

"விளக்கு ஆடுது சுல்தான். ரெண்டு கையாலயும் பிடி."

"ஒரு கை போதும் புவா."

"ரெண்டு கை!"

வெளிச்சம் நின்றது. ஜெயராஜின் தலைமுடி பளபளத்தது. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. லோகேஸ்வரி மேலே பார்த்தாள், ஆனால் கூரையில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பவளைப் போலப் பார்த்தாள்.

"லோகாம்மா, கொஞ்சம் பாசம்."

"இதுதான்பா இருக்கு."

"புவா," என்றார் சுல்தான் மேலே இருந்து. "சீக்கிரம் எடு."

"பொறு. லோகா, மாப்பிள்ளையோட தோளுக்கு மேல பாரு. அம்மாவை நினைச்சுக்கோ."

"புவா, எடுத்துடு. கை வேணும் எனக்கு."

"கையை எடுக்காதே! யாரும் அசையாதீங்க!"

அப்போதுதான் அது நடந்தது.

கேமராவுக்குள் லோகேஸ்வரியின் முகம் மாறியது. கண் அகன்றது. உதடு மெல்லத் திறந்தது. ஒரு கை தானாக எழுந்து நெஞ்சுக்கு வந்தது. கண்ணோரத்தில் நீர் கோத்து, விளக்கு வெளிச்சத்தில் முத்தாக மின்னியது. உலகமே மறந்து அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புவனேஸ்வரன் பொத்தானை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார்.

"வடிவு, அட்டையை ஆட்டாதே!"

வடிவம்மாள் கையில் அட்டை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவள் புடவைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கண்ணில் நீர். பெற்றவள் அல்லவா என்று நினைத்துக்கொண்டார் புவனேஸ்வரன். மேலே ஏதோ தடதடத்தது. வெளிச்சம் கூரைக்கும் சுவருக்கும் தாவிவிட்டு அணைந்துபோனது. அவர் கவனிக்கவில்லை. கேமராத் திரையைப் பார்த்தபடி அங்கேயே கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார்.

"அதே பார்வை," என்றார். "அப்படியே அதே பார்வை."

ஜெயராஜ் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். சுழி, குட்டை, நெட்டை எல்லாம் எங்கேயோ பறந்துவிட்டன. தன்னை ஒருத்தி இப்படிப் பார்ப்பாள் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

"லோகா," என்றான். "நீ என்னையா இப்படிப் பார்த்தே?"

லோகேஸ்வரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். தோள் குலுங்கியது. அவளுடைய அப்பா அழுகிற அழகையும், கட்டிக்கொள்ளப் போகிறவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கினாள்.

"அது தானா வந்தது ஜெய்," என்றாள். "வரவழைக்க முடியாது."

வடிவம்மாள் திடுக்கிட்டு மகளைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். இருவரும் சட்டென்று ஆளுக்கொரு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"அப்பா," என்றாள் லோகேஸ்வரி, சுவரைப் பார்த்தபடியே. "அந்த ஸ்டூடியோவுக்கு வேணாம்னு போன் பண்ணிடறேன். மண்டபத்து வாசல்ல இதையே வைங்க. ஆளுயரத்துக்கு வைங்க. இப்படி ஒரு படம் வேற யாராலயும் எடுக்க முடியாது."

புவனேஸ்வரனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். அடுத்த முப்பது வருடத்துக்குச் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிப் பார்த்தார்.

"சொன்னேனா இல்லையா மாப்பிள்ளை? நிக்க வெக்கிற இடத்துல நிக்க வெச்சா, பொண்ணு மனசுல இருக்கிறது தானா முகத்துக்கு வந்துடும். எத்தனை படிச்சிருந்தாலும் சரி, எவ்வளவு உயரமா இருந்தாலும் சரி. அம்மா என்னைப் பார்த்தா, மகள் உங்களைப் பார்க்கிறா. மண்டபத்துல ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே நின்னு இந்தக் கதையைச் சொல்றேன்."

ஏணியிலிருந்து இறங்கி வந்த சுல்தான், அணைந்த விளக்கைப் பெஞ்சின் மேல் வைத்தார். இடுப்பைச் சுற்றி இரண்டு கையாலும் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீ மண்டபத்துல சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்லா புவா," என்றார். "அன்னைக்கு வடிவு பார்த்ததும் உன்னை இல்ல, இன்னைக்கு லோகா பார்த்ததும் மாப்பிள்ளையை இல்ல, ஏணி மேல ரெண்டு கையாலயும் விளக்கைப் பிடிச்சா என் கைலி இடுப்புல நிக்காது."